நிற்க வேண்டிய இடம்: சேலத்துக் கற்கட்டடங்களைப் பார்ப்பது பற்றி

வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் சேலத்துக்காரர்கள் அவர்களை ஏற்காட்டுக்கும் மேட்டூர் அணைக்கும் கூட்டிப் போவார்கள். ஆடி மாதமாக இருந்தால் கோட்டை மாரியம்மன் கோயிலும் அந்தப் பட்டியலில் சேரும். பழைய கட்டடங்களைப் பார்க்க வேண்டும் என்று அவர்களில் யாராவது கேட்டால், தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ ரயில் ஏறச் சொல்வதுதான் வழக்கம். கட்டட வரைபடம் போடுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த வழக்கத்தில் நீண்ட காலமாக மனத்தாங்கல் உண்டு. சேலத்திலிருந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பேருந்தில் போகக்கூடிய தூரத்துக்குள், நூற்றாண்டுகள் பல கடந்த, பாறையைக் குடைந்து செய்த குடவரைகளும் மலைக்கோட்டையும் தூண்களுக்குப் பெயர்போன கோயிலும் இருக்கின்றன. இவற்றுக்குப் போகிறவர்களும் குறைவில்லை. ஆனால் போகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டோ மேலிருந்து படம் எடுத்துக்கொண்டோ திரும்பிவிடுகிறார்கள். கட்டடத்தைப் பார்ப்பதற்கென்று நிற்பவர்கள் அரிது.

நிற்பது என்று சொன்னதைக் காரணத்தோடுதான் சொன்னேன். இந்தப் பகுதியின் நல்ல கட்டடங்கள் எல்லாவற்றிலும் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒரு குணம் உண்டு. பார்க்கிறவர் எங்கே நிற்பார், எந்தப் பக்கம் திரும்புவார், அவர் கண்ணுக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பதைக் கட்டியவர்கள் முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடித்து நின்றால் கட்டடம் தன்னைக் காட்டுகிறது. நான்கடி தள்ளி நின்றால் வெறும் கல் அடுக்கைத்தான் பார்த்துவிட்டு வருவோம். இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் தாரமங்கலம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சேலத்துக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாரமங்கலத்தில், கடைவீதியின் இரைச்சலுக்கு நடுவே கைலாசநாதர் கோயிலின் இராஜகோபுரம் மேற்குப் பார்த்து நிற்கிறது. கோயிலின் தொடக்கம் அதற்கு முந்தையது என்றாலும், இன்று நாம் காணும் பெரும்பகுதி 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கெட்டி முதலிகள் எழுப்பியது. அருகிலுள்ள அமரகுந்தியைத் தலைமையிடமாகக் கொண்டு, மதுரை நாயக்கர்களுக்கு உட்பட்டு, மைசூருக்கு எதிரான எல்லையைக் காத்து நின்ற பாளையத் தலைவர்கள் அவர்கள். மும்முடி, சீயாழி, வணங்காமுடி என்று மூன்று கெட்டி முதலியார்களின் பெயர்களைக் கோயில் வரலாறு சொல்கிறது. ஒரு பேரரசின் கருவூலம் அவர்களிடம் இருக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் படை வந்து இறங்கக்கூடிய எல்லைப்புறத்தில், தலைமுறை தலைமுறையாக ஒரே கோயிலில் கல்தச்சர்களை வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

கோபுரம் சுமார் 90 அடி உயரம். அண்ணாந்து சுதைச் சிற்பங்களைப் பார்ப்பதற்கு முன் அதன் கல் அடித்தளத்தைப் பாருங்கள். கோபுரத்தின் அடிப்பகுதியையே ஒரு தேராக அமைத்து, யானையும் குதிரையும் அதை இழுத்துச் செல்வதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். வாசலுக்கு நேராக வந்து நுழைகிறவர்களுக்கு இது புலப்படாது. பக்கவாட்டில் ஒதுங்கி, மதிலோரமாக நின்று பார்த்தால்தான் மேலே எழும் அத்தனை நிலைகளும் அந்தத் தேரின் மேல் அமர்ந்திருப்பது விளங்கும். வாசலில் கடைகளும் இருசக்கர வண்டிகளும் நெருக்கிக்கொண்டு நிற்பதால் ஒதுங்கி நிற்க இடம் கிடைப்பது சிரமம். விடியற்காலையில் போனால் கிடைக்கும்.

உள்ளே மகாமண்டபத்தின் முன்வரிசைத் தூண்கள்தாம் இந்தக் கோயிலின் புகழுக்குக் காரணம். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யாளிகளும் (சிங்கம் போன்ற கற்பனை விலங்குகள்) குதிரை வீரர்களும் தூணோடு தூணாக ஒரே கல்லில் வெளிப்பட்டு நிற்கிறார்கள். பழைய ஸ்தபதிகள் கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, இன்னின்ன ஊர் வேலைப்பாடு நீங்கலாக வேறு எதையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். ஆவுடையார்கோயில் கொடுங்கை (வளைந்த கல் இறவாரம்), திருவலஞ்சுழிப் பலகணி (கல் சன்னல்) என்று நீளும் அந்த வரிசையில் தாரமங்கலத்துத் தூணும் ஒன்று என்று கேள்வி. ஒப்பந்தம் எழுதினார்களோ இல்லையோ, அப்படி ஒரு பேச்சு தலைமுறைகள் தாண்டி வந்திருக்கிறது என்பதே அந்தத் தூண்களுக்குத் தொழில்காரர்கள் கொடுத்த மரியாதை.

ஒரு யாளியின் வாயை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். திறந்த வாய்க்குள், பற்களுக்குப் பின்னால், ஓர் உருண்டைக் கல் கிடக்கிறது. விரலை நுழைத்துத் தள்ளினால் உருளும். வெளியே எடுக்க முடியாது, ஏனெனில் பற்களின் இடைவெளி உருண்டையைவிடச் சிறியது. உருண்டையை வெளியே செய்து உள்ளே வைக்க வழியே இல்லை. யாளியின் வாய்க்குள் இருந்த கல்லையே, பற்களின் சந்து வழியாக உளியை நுழைத்து, சுற்றிலும் குடைந்து, நாக்கிலிருந்தும் அண்ணத்திலிருந்தும் பிரித்து, கடைசியில் தனியே உருளும்படி விடுவித்திருக்கிறார்கள். கடைசித் தட்டில் கை ஒரு நூலளவு பிசகியிருந்தால் பல்லோ உருண்டையோ உடைந்து, அந்தத் தூண் முழுவதுமே கழிவாகியிருக்கும். தூண் ஒரே கல் என்பதால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மண்டபத்தில் தொங்கும் கல் சங்கிலிகளுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்துக்குள் கோத்தபடியே ஒரே கல்லிலிருந்து பிறந்தது. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும் என்பதால், உளியைத் தொடுவதற்கு முன்பே கல்லைத் தட்டி, ஓசை கேட்டுத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இந்தக் கருங்கல்லை வெட்டுவதற்கு நல்ல எஃகு வேண்டும். தாரமங்கலத்துக்கும் சேலத்துக்கும் இடையே கஞ்சமலை நிற்கிறது. அதன் இரும்புத்தாது பெயர்பெற்றது, இந்த வட்டாரத்தில் இரும்பு உருக்கும் தொழிலும் பழமையானது. உளிக்கு வேண்டிய இரும்பு தொலைவிலிருந்து வரவேண்டிய தேவை இருந்திருக்காது என்பது என் ஊகம். மண்டபத்தில் நின்று இந்தத் தூண்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மலையின் நினைவு வருகிறது.

இனி, நிற்கும் இடத்துக்கு வருகிறேன். இந்த மண்டபத்தில் ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் போரிடுகிறார்கள்; தள்ளியுள்ள மற்றொரு தூணில் வில்லேந்திய இராமன். இராமன் இருக்கும் இடத்தில் நின்றால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். நான் முதலில் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது, விளக்கு விற்கும் ஓர் அம்மா கவனித்துவிட்டு அருகில் வந்தார்.

“அங்க நின்னா ஒண்ணும் தெரியாதுங்க தம்பி. இந்தத் தூணோரமா வந்து, கொஞ்சம் தலையைச் சாச்சுப் பாருங்க.”

சாய்த்துப் பார்த்தேன். வரிசையாக நிற்கும் தூண்களின் இடுக்கு வழியே அந்தப் போர்க்காட்சி தெரிந்தது.

“தெரியுதுங்கம்மா.”

“இப்ப வாலிகிட்ட போய் நின்னு இங்க பாருங்க. சாமி தெரியாது. மறைஞ்சு நின்னுதானுங்களே அம்பு விட்டாரு!”

வரைபடக்காரனின் கண்ணுக்கு இது பெரிய வியப்பு. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள பார்வைக் கோடு ஒன்றுதான். அது இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். அப்படியிருக்க ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் போக வேண்டுமானால், உருவம் தூணின் எந்த முகத்தில் அமைய வேண்டும், எவ்வளவு உள்வாங்கி நிற்க வேண்டும், இடையிலுள்ள எந்தத் தூண் அதை மறைக்க வேண்டும் என்பதையெல்லாம் தூண்களை நிறுத்துவதற்கு முன்பே, தரையில் கோடு இழுக்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். சிற்பியும் மண்டபத்தைத் திட்டமிட்ட ஸ்தபதியும் தனித்தனியே வேலை செய்திருந்தால் இது நடக்காது. இராமாயணத்தில் அறிஞர்கள் இன்றும் வாதாடும் ஒரு கட்டத்தை, எந்தத் தீர்ப்பும் சொல்லாமல், மறைந்து நின்றான் என்ற ஒரே செய்தியைத் தூண்களின் இடைவெளியாலேயே சொல்லிவிட்டார்கள்.

மண்டபத்தின் கூரையையும் தவற விடக்கூடாது. கல்லில் விரிந்த தாமரையும் அதைச் சுற்றித் தலைகீழாகப் பற்றிக்கொண்டிருக்கும் கிளிகளுமாக உள்ள அந்த விதானத்தை, நேர் கீழே நின்று கழுத்தை முழுவதும் வளைத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று தலையும் மூன்று காலும் கொண்ட ஜுரகரேசுவரர் சிற்பம் இங்கே வழிபாட்டில் இருக்கிறது. காய்ச்சல் தீர வேண்டிக்கொண்டு மக்கள் வருகிறார்கள்.

மாசி மாதம் 9, 10, 11 ஆகிய நாட்களில், அதாவது பிப்ரவரி 21 முதல் 23 வரை, மாலைக் கதிர் கோபுர வாசல் வழியே நுழைந்து, மண்டபங்களைக் கடந்து, கருவறை இலிங்கத்தின் மீது விழுகிறது. இதைக் காணக் கூட்டம் முட்டி மோதும். கோயில் மேற்குப் பார்த்திருப்பதால் அந்தி ஒளி நேராக உள்ளே வரும் என்பது எளிதில் புரியும். ஆனால் மேற்கில் கதிரவன் மறையும் புள்ளி ஆண்டு முழுவதும் தெற்கும் வடக்குமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. மாசியில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் அந்தப் புள்ளி வாசலும் கருவறையும் இருக்கும் கோட்டில் வந்து அமைகிறது என்றால், அத்தனை வாசல்களின் உயரமும் அகலமும் அந்த ஒரு கோட்டுக்காகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கின்றன. கணக்குப்படி பார்த்தால், மார்கழித் தொடக்கத்தில் கதிரவன் தென்கோடியைத் தொட்டுத் திரும்புவதால், மாசி 10-இல் இருக்கும் அதே நிலை ஐப்பசி முதல் வாரத்திலும் ஒரு முறை வந்தாக வேண்டும். ஆனால் ஐப்பசி இங்கே அடைமழைக் காலம். மாலை வானம் மூடிக் கிடக்கும். வானம் தெளிந்திருக்கும் மாசியை ஊர் கொண்டாடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் எண்கோண வடிவத் தெப்பக்குளத்தைப் பார்க்காமல் பேருந்து ஏறாதீர்கள். ஒரு பக்கத்திலிருந்து கல்லை வீசினால் அது எட்டுச் சுவர்களிலும் பட்டு, வீசியவரிடமே திரும்பி வரும் என்று ஊரில் சொல்வார்கள். கல்லின் வேகம் அவ்வளவு தூரம் தாங்குமா என்பது வேறு கேள்வி. வடிவக் கணக்கு அதற்கு இடம் தருகிறது. ஒழுங்கான எண்கோணத்தில் ஒரு பக்கத்தின் நடுவே நின்று அடுத்த பக்கத்தின் நடுவைக் குறிவைத்தால், பட்டுத் தெறிக்கும் கோணம் மாறாமல், ஒவ்வொரு பக்கத்தின் நடுவையும் தொட்டுச் சுற்றி வந்து சேரலாம். இங்கும் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, பக்கத்தின் சரிநடு. அதே ஊரில் இளமீசுவரர் கோயில் என்ற சிறிய, இதைவிடப் பழைய கோயிலும் உண்டு. அலங்காரம் குறைந்த அதன் கற்சுவர்களைப் பார்த்துவிட்டு மீண்டும் கைலாசநாதர் மண்டபத்துக்கு வந்தால், இடைப்பட்ட நூற்றாண்டுகளில் கல்தச்சர் கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

தாரமங்கலத்திலிருந்து தெற்கே போனால் சங்ககிரி. நெடுஞ்சாலையில் கோவைக்கும் ஈரோட்டுக்கும் போகிற எல்லோரும் அந்தத் தனிமலையைக் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்திருப்பார்கள், ஏறியவர்கள் சிலரே. விசயநகர ஆட்சிக் காலத்தில் தொடங்கி, பின் மைசூர்ப் படைகளின் கையிலும், 1792-இல் திப்பு சுல்தான் சேலம் பகுதியை ஒப்படைத்த சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலக் கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், கையிலும் இருந்த கோட்டை இது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலையை 1805ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று தூக்கிலிட்டது இங்கேதான். ஆடிப் பதினெட்டு அன்று அவருக்கு மரியாதை செலுத்தப் பெருங்கூட்டம் வருகிறது. கொங்கு நாட்டில் இந்த மலைக்கு இருக்கும் மதிப்பு கட்டடக்கலையால் வந்ததில்லை, அந்த நாளால் வந்தது. அதை மறந்துவிட்டு வெறும் மதிலைப் பற்றி எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் அந்த மதிலும் பேசத் தக்கதுதான். அடிவாரத்திலிருந்து உச்சிவரை பத்து வாயில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. ஏறுகிறவர் ஒரு வாயிலைக் கடந்ததும் அடுத்த வாயிலின் மதில் அவர் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. எங்கே நின்றாலும் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு நாம் தெரிகிறோம். அவர் நமக்குத் தெரிவதில்லை. தாரமங்கலத்து மண்டபத்தில் கதைக்காகச் செய்த அதே காரியத்தை இங்கே போருக்காகச் செய்திருக்கிறார்கள். கடைக்கால் தோண்டாமல், பாறையின் மேலேயே கல்லை அமர்த்தி, மலை எங்கே வளைகிறதோ அங்கே மதிலும் வளையும்படி எழுப்பியிருக்கிறார்கள். பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் கையை வைத்துத் தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தானியக் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு, சுனைகள், உச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயில், வழியில் தர்கா என்று ஓர் ஊருக்கு வேண்டிய எல்லாமே மலைமேல் இருக்கின்றன. பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களும் தர்காவுக்கு வருகிறவர்களும் அதே வாயில்கள் வழியாகத்தான் ஏறுகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். குடிநீரைக் கீழிருந்தே கொண்டு போக வேண்டும்.

கோட்டையின் உள்சுவர்களில் பெயரும் இதயப் படமும் கீறி வைத்திருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. அந்தச் சுண்ணாம்புப் பூச்சு இரு நூற்றாண்டு மழையைத் தாங்கியது. ஒரு சாவி முனையைத் தாங்கவில்லை.

நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த ஊர். சேலத்திலிருந்து 50 கிலோமீட்டர். ஊர் நடுவே எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறையின் ஒரு பக்கத்தில் நரசிம்மர் குடவரை, மறு பக்கத்தில் அரங்கநாதர் குடவரை. அதியர் குலத்துக் குணசீலன் காலத்தவை; 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கொள்கிறார்கள். அங்குள்ள கல்வெட்டு இதனை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று குறிக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் குலப்பெயர், சங்க காலம் கழிந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஒரு பாறையில் எழுதப்பட்டிருப்பதை நேரில் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

குடவரையில் கட்டுமானம் என்பதே கிடையாது. கல்லை அடுக்குவதற்குப் பதில் கல்லை அகற்றிக்கொண்டே உள்ளே போகிறார்கள். தூண் தாங்குவதற்காக நிற்கவில்லை, அகற்றாமல் விட்ட பாறைதான் தூணாக நிற்கிறது. நரசிம்மர் குடவரையில் இரணியனைப் பிளக்கும் நரசிம்மர், உலகளந்த பெருமாள், வராகர், பாம்பணையில் அமர்ந்த வைகுண்டநாதர் ஆகிய புடைப்புச் சிற்பங்கள் சுவர்களை நிறைக்கின்றன. உள்ளே ஒளி ஒரே பக்கத்திலிருந்து, முன்வாசலிலிருந்து மட்டுமே வரும் என்பது செதுக்கியவர்களுக்குத் தெரியும். அதனால் புடைப்பு எவ்வளவு உயர வேண்டும், எந்த விளிம்பு நிழலை வாங்க வேண்டும் என்பதை அந்தப் பக்க ஒளிக்கேற்ப அமைத்திருக்கிறார்கள். உலகளந்தவரின் தூக்கிய கால் சுவரை விட்டு வெளியே வருவதுபோல் தோன்றுவதற்கு அந்த நிழலே காரணம். அரங்கநாதர் குடவரையில் பாம்பணையில் கிடக்கும் பெருமாளோடு சங்கரநாராயணர் சிற்பமும் இருக்கிறது; சைவமும் வைணவமும் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சிற்றரசன் தன் பெருமாள் கோயிலுக்குள் பாதிச் சிவனுக்கு இடம் கொடுத்திருக்கிறான்.

வெளியே, கூரையின்றி வெட்டவெளியில், சுமார் 18 அடி உயரத்தில் ஒரே கல்லாலான ஆஞ்சநேயர் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார். வடைமாலைக்காக வரும் கூட்டம் அவரோடு நின்றுவிடுகிறது. அவர் பார்க்கும் திசையில் நாமும் திரும்பி, அந்தப் பார்வை எங்கே போய் முடிகிறது என்று பார்த்து, அந்த வழியே நடந்து குடவரைக்குப் போனால்தான் இந்த இரண்டும் ஒரே அமைப்பு என்பது மனத்தில் பதியும்.

திருச்செங்கோட்டை ஒரு வரியில் கடப்பது பாவம்தான் என்றாலும், அந்த மலைக்கோயிலைப் பற்றி எழுதத் தொடங்கினால் தனிக் கட்டுரையாகிவிடும். சேலத்துக்குக் கிழக்கே வசிட்ட நதிக்கரையில் பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகழூர், கூகையூர் என்று ஐம்பூதத் தலங்களாகச் சொல்லப்படும் ஐந்து சிவன் கோயில்களும் அப்படியே. ஆத்தூர்க் கோட்டையின் மதிலை மட்டும் அந்த வழியாகப் போகிறவர்கள் இறங்கிப் பார்த்துவிடலாம்.

அந்தக் கிழக்குப் பகுதியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆறகழூரை அடுத்த தியாகனூரில் அமர்ந்த நிலையில் பெரிய புத்தர் சிலை இருக்கிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் நெடுங்காலம் வழிபட்டுவந்த சிலையும் புத்தரே என்று, தொல்லியல் வல்லுநர்களின் ஆய்வை ஏற்று, சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. தாமரைப் பீடம், தியான முத்திரையில் மடிமீது வைத்த கைகள், சுருள்முடி, நீண்ட காதுமடல், துண்டிக்கப்பட்டுப் பின்னர் சிமென்ட்டால் ஒட்டப்பட்ட தலை ஆகியவற்றை வல்லுநர்கள் குறித்திருந்தார்கள். தலைமுறைகளாகப் பொங்கல் வைத்து வணங்கிய குடும்பங்களின் மனம் எனக்குப் புரிகிறது. அவர்கள் காப்பாற்றவில்லையென்றால் இந்தச் சிலை ஏதோ ஒரு வயலில் புதைந்தே போயிருக்கும். அதே நேரத்தில், கொங்கின் இந்த மூலையில் பௌத்தர்களின் பள்ளிகள் இருந்திருக்க வேண்டும் என்பதற்கு நம் கையில் எஞ்சியுள்ள சான்றுகள் இப்படிப்பட்ட சிலைகள்தாம். அவற்றைச் சுற்றி இருந்த கட்டடங்கள் ஒன்றும் நிலைக்கவில்லை. சிலையின் கைகளையும் பீடத்தையும் கூர்ந்து பார்த்து, காணாமற்போன கட்டடத்தை மனத்துக்குள்தான் எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழுது நீக்கம் என்ற பெயரில் நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒரு பழைய சிவன் கோயிலில் கருங்கல் தரைமீது வழவழப்பான ஓடுகளைப் பதித்து, அதிட்டானத்தின், அதாவது கோயிலின் கல் அடித்தளத்தின், கீழ்வரியை அரையடி புதைத்துவிட்டார்கள். கல்வெட்டின் கடைசி வரிகள் அந்த ஓட்டுக்கு அடியில் போய்விட்டன. தூண்களுக்கு எண்ணெய் வண்ணம் பூசினால் உளியின் நுண்ணிய கோடுகள் அடைபட்டுவிடும். மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்தால் முகங்களின் மூக்கும் உதடும் தேய்ந்துபோகும். குழல்விளக்கை நேர் எதிரே மாட்டினால், பக்க ஒளிக்காகச் செதுக்கிய புடைப்புச் சிற்பம் தட்டையாகிவிடும். கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் எஃகுக் கம்பித் தடுப்பு, பார்க்க வேண்டிய இடத்தில் நம்மை நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டே போகிறது. இவை எல்லாமே நல்லெண்ணத்தோடு, பெரும்பாலும் பக்தர்களின் காணிக்கைப் பணத்தில் செய்யப்படுகின்றன. செய்வதற்கு முன் ஒரு ஸ்தபதியையோ தொல்லியல் அறிந்தவரையோ ஒரு முறை அழைத்துக் கேட்டால் போதும்; செலவும் குறையும்.

கடைசியாக, ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலை. உச்சியில், 1,600 மீட்டருக்கும் மேலே, சேர்வராயன் கோயில் ஒரு தாழ்ந்த குகையாக இருக்கிறது. எந்த அரசனும் அங்கே தூண் நிறுத்தவில்லை. வருகிற எல்லோரும் குனிந்துதான் நுழைய வேண்டும். மலைவாழ் மக்கள் மே மாதத்தில் திருவிழா எடுக்கிறார்கள். மலை முழுவதும் சார்னோகைட் என்னும் கரும்பாறை. கல்கத்தாவில் கும்பினி அதிகாரி யோபு சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல்லும் இதே இனம். அந்தக் கல்லறையை வைத்துத்தான் நிலவியலாளர் ஹாலந்து 1900-இல் இந்தப் பாறைக்குப் பெயர் சூட்டினார்.

கல்லைப் படித்த மற்றொருவர் ஏற்காட்டிலேயே குடியிருந்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் இராபர்ட் புரூஸ் பூட், 1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்த நாட்டில் மனித வாழ்வின் தொன்மையைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியவர். 1858 முதல் 1891 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றினார். சேர்வராயன் மலையிலும் கற்கருவிகளைச் சேகரித்தார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் பதிப்பித்தவரும், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத் தமிழாக்கத்தில் ஈடுபட்டவருமான பீட்டர் பெர்சிவல் இவருடைய மாமனார். அவர் 1882-இல் ஏற்காட்டில் மறைந்தார். பூட் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். அவருடைய அஸ்தி ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலய வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

அது ஓர் எளிய கல்லறை. கட்டடக்கலை என்று சொல்லிக் காட்ட அதில் எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் சேலத்துக் கற்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் அங்கே ஒரு முறை போக வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஏரிக்கரையில் படகுச் சவாரிக்கு வரிசையில் நிற்பவர்களிடம் விசாரித்தால் அந்தக் கல்லறை இருப்பதே பலருக்குத் தெரியாது. உள்ளூர்க் கடைக்காரர்கள் வழி சொல்வார்கள். தேவாலய வளாகம் என்பதால் வழிபாட்டு நேரம் தவிர்த்து, அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போவது முறை. பூட் திரட்டிய கற்கருவிகள் 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டன. சேர்வராயன் மலையில் கிடைத்த கற்கோடரிகளின் தேய்த்து வழவழப்பாக்கிய முனையைப் பார்க்க விரும்புகிறவர்கள் எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். தாரமங்கலத்து யாளியின் வாயைப் பார்த்துவிட்டுப் போனால், அந்த முனையைத் தேய்த்த கையின் பொறுமை இன்னும் நன்றாக விளங்கும்.